நாணொலியின் நாயகர்: டுவேன் எடி பற்றி வாசகர் கேள்விகள்

ராக் அண்ட் ரோல் இசையின் தொடக்க காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, டுவேன் எடி என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞரை ஒரே வரியில் குறிப்பிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பற்றியே இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அவருக்கே.

கேள்வி: ஒரு வரி கூடப் பாடாமல் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமானவர் என்று டுவேன் எடியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் எந்த ஊர்க்காரர், எப்படி இசைக்கு வந்தார்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: எடி 1938 ஏப்ரல் 26 அன்று நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டார். 1951இல் அவருடைய குடும்பம் நாட்டின் மறுகோடியில் இருக்கும் அரிசோனா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, பின்னர் கூலிட்ஜ் என்ற ஊரில் தங்கியது. பாலைவனமும் பருத்தி வயல்களும் சூழ்ந்த அந்த ஊரின் வானொலி நிலையத்தில் லீ ஹேசில்வுட் என்ற இளைஞர் இசைத்தட்டு அறிவிப்பாளராக இருந்தார். பள்ளிப் பருவத்து எடி, ஜிம்மி டெல்பிரிட்ஜ் என்ற நண்பரோடு சேர்ந்து அந்த நிலையத்தில் பாடியும் வாசித்தும் வந்தபோதுதான் அவருக்கும் ஹேசில்வுட்டுக்கும் பழக்கம் ஏற்பட்டது. 1955இல் அந்த நண்பர்கள் இருவரின் பாட்டை ஹேசில்வுட் ஒரு தட்டாகப் பதிவுசெய்து வெளியிட்டார். அது விற்கவில்லை என்றாலும் எடிக்கும் ஹேசில்வுட்டுக்கும் இடையிலான கூட்டு நிலைத்தது.

எடியின் வாழ்க்கையை எழுதும்போது ஹேசில்வுட்டை ஓர் ஓரத்தில் நிறுத்திவிட முடியாது என்பது என் கருத்து. வாசித்தவர் எடி, அந்த வாசிப்பு இசைத்தட்டில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று அலைந்து திரிந்து கண்டறிந்தவர் ஹேசில்வுட். பதிவுக்கூடத்தையும் ஓர் இசைக்கருவியாகக் கருதும் வழக்கம் அப்போது பரவலாக இல்லாதிருந்த காலத்தில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு சிறு கூடத்தில் அவர் அதைச் செய்து பார்த்தார். பின்னாளில், 1966இல், நான்சி சினாட்ரா பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பூட்ஸ் பாடலை எழுதித் தயாரித்தவரும் இவரே. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் சறுக்கிக்கொண்டே கீழிறங்கும் தாழ்ந்த தந்தியொலியைக் கேட்பவருக்கு, எடியோடு கழித்த ஆண்டுகள் ஹேசில்வுட்டின் காதில் எவ்வளவு ஆழமாகத் தங்கியிருந்தன என்பது புரியும்.

கேள்வி: கிட்டாரில் மெட்டு வாசிப்பவர்கள் பெரும்பாலும் கீழே உள்ள மெல்லிய தந்திகளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று என் மகனுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர் சொல்கிறார். எடி மட்டும் ஏன் தடித்த தந்திகளைத் தேர்ந்தெடுத்தார்? (வாசகி, திருச்சி)

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. கிட்டாரின் ஆறு தந்திகளில் மிகத் தடித்ததன் அதிர்வெண் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். மிக மெல்லியதன் அதிர்வெண் ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையே இரண்டு ஸ்தாயி தூரம். கூட்டமாக வாசிக்கும்போது உயர்ந்த ஸ்தாயியில் எழும் மெட்டு மற்ற கருவிகளுக்கு மேலே தெளிவாகக் கேட்கும் என்பதால், 1950களின் கிட்டார் கலைஞர்கள் மெல்லிய தந்திகளிலேயே தங்கள் திறமையைக் காட்டினார்கள்.

எடி செய்தது நேர் எதிரானது. நம் மொழியில் சொன்னால், மந்தர ஸ்தாயியில் உட்கார்ந்துகொண்டு முழுப் பாட்டையும் பாடுவதற்கு ஒப்பானது அது. தடித்த தந்திகளின் ஒலி மெல்லிய தந்திகளின் ஒலியைவிடக் கனமாகவும் முழுமையாகவும் நாடாவில் பதிகிறது என்பதை அவர் பதிவுக்கூட அனுபவத்தில் கண்டறிந்ததாகப் பல முறை சொல்லியிருக்கிறார். உலோகக் கம்பி சுற்றப்பட்ட தடித்த தந்தியை, கிட்டாரின் உடல்மேல் தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே அழுத்தமாகச் சுண்டினால், அடிச்சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் சேர்ந்து எழுந்து, ஒரே சுரத்துக்குள் கனமும் கூர்மையும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. அந்த ஒலியைத்தான் ஆங்கிலத்தில் ட்வாங் என்றார்கள். அச்சொல் எடியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. வில்லின் நாணைத் தெறித்தால் எழும் ஒலியை நம் புலவர்கள் நாணொலி என்றார்கள். எடியின் கிட்டாரைக் கேட்டபோதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

அவர் கையில் இருந்தது கிரெட்ச் நிறுவனத்தின் 6120 என்ற கிட்டார். கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் மேதையாகிய செட் அட்கின்ஸின் பெயரைத் தாங்கிய மாதிரி அது. உள்ளீடற்ற உடலும், பிக்ஸ்பி எனப்படும் உலோகக் கைப்பிடியும் அதன் சிறப்புகள். அந்தக் கைப்பிடியை மெல்ல அழுத்தினால் எல்லாத் தந்திகளின் இறுக்கமும் சற்றுத் தளர்ந்து சுரம் கீழே சாயும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். வீணையில் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைக்கும் கமகத்துக்கு இதை முழுவதும் ஈடாகச் சொல்ல மாட்டேன். என்றாலும், சுரத்தை நேர்கோடாக விட்டுவிடாமல் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. இதோடு ஒலியளவை அலையலையாக ஏற்றி இறக்கும் டிரெமலோ என்ற தனிக் கருவியையும் அவர் பயன்படுத்தினார். கைப்பிடி மாற்றுவது சுரத்தை. டிரெமலோ மாற்றுவது ஒலியின் அளவை. இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதால் இங்கே பிரித்துச் சொல்கிறேன்.

பின்னர் டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரையும் எடி சில பதிவுகளில் வாசித்தார். அது வழக்கமான கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. தாழ்ந்த ஒலியின் மேல் அவருக்கு இருந்த பற்று அவ்வளவு.

கேள்வி: எடியின் இசையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துப் பதிவு செய்தார்கள் என்று படித்தேன். இது உண்மையா, கட்டுக்கதையா? (வாசகர், சேலம்)

பதில்: உண்மை. ஆனால் எடி தொட்டிக்குள் உட்கார்ந்து வாசிக்கவில்லை. நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த ஒலியின் ரகசியத்தில் பாதி அந்தத் தொட்டிக்குள்தான் இருக்கிறது.

ஹாலிவுட்டிலும் நியூயார்க்கிலும் இருந்த பெரிய பதிவுக்கூடங்களில் எதிரொலிக்கென்றே கட்டிய அறைகள் இருந்தன. வெறுமையான அந்த அறைக்குள் ஓர் ஒலிபெருக்கி வழியாக இசையை அனுப்பி, சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியை மைக்கில் பிடித்து, மூல ஒலியோடு கலப்பார்கள். ஃபீனிக்ஸில் ஃபிளாய்ட் ராம்சி நடத்திய கூடம் சிறியது; அங்கே அப்படி ஓர் அறை இல்லை. கட்டுவதற்குப் பணமும் இல்லை. ஆகவே ஹேசில்வுட் பழைய தொட்டிகள் விற்கும் இடங்களுக்குப் போய், ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் குரல் கொடுத்துப் பார்த்து, தன் குரல் தனக்குப் பிடித்தபடி திரும்பி வந்த ஒன்றை வாங்கினார். கிணற்றை எட்டிப் பார்த்துத் தன் பெயரைக் கூவிக் கேட்ட எவருக்கும் அந்தத் தேடலின் இன்பம் விளங்கும்.

அந்த இரும்புத் தொட்டியின் கொள்ளளவு 2,000 கேலன், அதாவது ஏறத்தாழ 7,570 லிட்டர். நம் வீட்டு மாடிகளில் நிற்கும் 1,000 லிட்டர் தொட்டிகள் ஏழெட்டைச் சேர்த்தால் வரும் அளவு. அதைப் பதிவுக்கூடத்துக்கு வெளியே வைத்து, உள்ளே ஒரு முனையில் ஒலிபெருக்கியையும் மறுமுனையில் மைக்கையும் பொருத்தினார்கள். எடி கூடத்துக்குள் வாசித்த ஒலி கம்பி வழியாகத் தொட்டிக்குள் போய், இரும்புச் சுவர்களில் மோதிச் சுழன்று, மைக் வழியாக மீண்டும் கூடத்துக்கு வந்தது. தொட்டி திறந்த வெளியில் நின்றதால், அதன் மேல் பறவைகள் வந்து அமர்ந்து ஒலியெழுப்பினால் பதிவை நிறுத்திவிட்டு அவற்றை விரட்ட வேண்டியிருந்தது என்று எடி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

எதிரொலியைக் கூட்டினால் எந்த இசையும் ஆழமாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. வேகமாக ஓடும் சுரக்கோவைகளுக்கு எதிரொலி பகை. ஒரு சுரத்தின் எதிரொலி அடுத்த சுரத்தின் மேல் ஏறி எல்லாம் குழம்பிவிடும். எடி ஒவ்வொரு சுரத்துக்கும் இடைவெளி விட்டு வாசித்தார். அந்த இடைவெளியைத் தொட்டி நிரப்பியது. வாசிப்பும் தொட்டியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தாற்போல் பொருந்தியதால்தான், பாலைவனத்தின் வெட்டவெளியில் யாரோ தனியாக வாசிப்பது போன்ற உணர்வு அந்தப் பதிவுகளில் இன்றும் நிற்கிறது.

கேள்வி: கிட்டார் கற்கும் மாணவன் நான். எடியின் சில தட்டுகளைக் கேட்டேன். இரண்டாம் மாதத்து மாணவனே வாசித்துவிடக் கூடிய மெட்டுகளாகத் தோன்றுகின்றன. இவருக்கு இவ்வளவு புகழ் தகுமா? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் கேள்வி நேர்மையானது. விரல்கள் போக வேண்டிய இடங்களை நீங்கள் இரண்டே மாதத்தில் கற்றுவிடலாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள். 1958இல் வெளிவந்த ரெபல் ரவுசர் என்ற தட்டின் தொடக்கத்தை நீங்களே வாசித்துப் பதிவுசெய்து, எடியின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

அந்தத் தட்டு தாளம் எதுவும் இல்லாமல், தனிக் கிட்டாரோடு, ஆலாபனை போல நிதானமாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுரமும் முழுதாக மலர்ந்து அடங்கிய பிறகே அடுத்தது வருகிறது. பிறகு தாளம் சேர்கிறது. கைதட்டலும் கூச்சலும் எழுகின்றன. கில் பெர்னாலின் சாக்ஸபோன் கிட்டாரின் வரிகளுக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறது. அதன்பின் மெட்டு மாறாமல் சுருதி மட்டும் அரைச்சுரம் அரைச்சுரமாக மேலேறுகிறது. மெட்டு ஒன்றே; ஆனால் ஒவ்வொரு முறையும் அது வேறு உயரத்தில் நின்று பேசுகிறது. சுமார் இரண்டரை நிமிடத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிடும். சாக்ஸபோனும் கூச்சலும் ஃபீனிக்ஸில் பதிவானவை அல்ல. நாடாவை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய் அங்கே சேர்த்தவை. கூச்சலிட்டவர்கள் ஷார்ப்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் குழுவினர். பின்னர் ரிவிங்டன்ஸ் என்ற பெயரில் அவர்கள் தனிப் புகழ் பெற்றார்கள்.

தன் எல்லை எது என்று அறிந்த கலைஞர் எடி. ஜாஸ் கிட்டாரும் கற்றவர் என்பதால் வேகமாக வாசிக்கும் வழிகள் அவருக்குத் தெரியாதவை அல்ல. இருந்தும் எந்தச் சுரத்தை விட்டுவிடலாம் என்பதிலேயே அவர் கவனம் சென்றது. பல நூறு கிட்டார் கலைஞர்களின் பதிவுகளைக் கலந்து ஒலிக்கவிட்டாலும், முதல் இரண்டு சுரங்களிலேயே இது எடி என்று சொல்லிவிட முடியும். அந்த அடையாளத்தை அடைவதற்கு ஒருவர் வாழ்நாள் முழுவதும் பயின்றாலும் போதாமல் போகலாம். த ஹூ என்ற பிரிட்டன் ராக் குழுவின் ஜான் என்ட்விசில் பேஸ் கிட்டாரை ஏந்தியதற்கு எடியின் தாழ்ந்த ஒலி ஒரு காரணம். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் அவருடைய ரசிகர். மெட்டு எளிது என்பதால் அவர்கள் யாரும் அதைக் கடந்து போய்விடவில்லை.

கேள்வி: மின்கிட்டாரில் பாட்டில்லா ராக் இசையை முதலில் வாசித்தவர் எடிதானா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இல்லை. 1957இல் பில் ஜஸ்டிஸின் ராஞ்சி என்ற இசைத்தட்டு வந்துவிட்டது. ரெபல் ரவுசர் வெளிவந்த அதே 1958இல், லிங்க் ரே தன் ரம்பிள் தட்டில் ஒலிபெருக்கியின் தாளைப் பென்சிலால் குத்திக் கிழித்துக் கரகரப்பான ஒலியை உண்டாக்கினார். எடியின் தனித்தன்மை, பாட்டில்லாத் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டுக்கணக்கில் வெற்றிபெறச் செய்ததில் இருக்கிறது.

கேள்வி: 1960இல் எல்விஸ் பிரெஸ்லியையே முந்தினார் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் பிறகு ஏன் காணாமல் போனார்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முந்தியது உண்மை. 1960இல் பிரிட்டனின் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் வார இதழ் நடத்திய வாசகர் வாக்கெடுப்பில், உலகின் முதன்மையான இசை ஆளுமையாக எல்விஸைப் பின்தள்ளி எடி தேர்வானார். எல்விஸ் இரண்டாண்டு ராணுவப் பணியை முடித்துத் திரும்பிய ஆண்டு அது. அவர் இல்லாத வெற்றிடத்தில் எடி வளர்ந்தார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். என்றாலும், வாய் திறந்து பாடாத ஒருவருக்கு வேற்று நாட்டு இளைஞர்கள் அந்த இடத்தைக் கொடுத்தது சாதாரணமானதல்ல.

அவருடைய உச்ச காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிலடெல்ஃபியாவின் ஜேமி இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1958இல் வந்த முதல் தட்டு அமெரிக்கப் பட்டியலில் 72ஆம் இடத்தோடு நின்றது. அடுத்து வந்த ரெபல் ரவுசர் ஆறாம் இடம் வரை ஏறிப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1959 தொடக்கத்தில் வெளிவந்த முதல் தொகுப்பு 82 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டில், ஹென்றி மான்சினி ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக அமைத்திருந்த பீட்டர் கன் இசையை எடி தன் பாணியில் வாசித்து பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் சென்றார். 1960இல் ஒரு திரைப்படத்துக்காக வயலின்களோடு வாசித்த பிகாஸ் தே ஆர் யங் அமெரிக்காவில் நான்காம் இடத்தையும் பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. எண்களைப் பார்த்தால் அதுவே அவருடைய மிகப் பெரிய வெற்றி. எனக்கோ அதில் வயலின்கள் கிட்டாருக்குரிய இடைவெளிகளை அடைத்துவிட்டன என்ற குறை இன்றுவரை தீரவில்லை.

1962இல் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்துக்கு மாறிய பிறகு, பெண்களின் குழுப்பாட்டைச் சேர்த்து வெளியிட்ட டான்ஸ் வித் த கிட்டார் மேன் அமெரிக்காவில் பன்னிரண்டாம் இடம் வரை சென்றது. அதன்பின் சரிவு. 1964இல் பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்ததுதான் காரணம் என்று வழக்கமாக எழுதுகிறார்கள். அது முழு உண்மையல்ல. ஒரே பாணியில் நான்கைந்து ஆண்டுகளுக்குள் மிக அதிகமான தட்டுகள் வெளிவந்துவிட்டன. நாட்டியத்துக்கு ஏற்றது, கடற்கரைக்கு ஏற்றது என்று அந்தந்தப் பருவத்து விருப்பத்துக்கெல்லாம் அந்த ஒலியைப் பொருத்திப் பார்த்தார்கள். இடைவெளியாலேயே வாழ்ந்த ஓர் இசைக்கு மூச்சுவிட இடைவெளி கிடைக்கவில்லை.

ஆனால் காணாமல் போனார் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1970களில் மற்றவர்களுக்காகத் தட்டுகளைத் தயாரித்தார். 1975இல் பிரிட்டனில் மீண்டும் முதல் பத்துக்குள் வந்தார். 1986இல் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் என்ற பிரிட்டன் குழு, கணினியொலிகளை அடுக்கிய தங்கள் இசையின் நடுவே எடியை அழைத்து அதே பீட்டர் கன்னை வாசிக்கச் செய்தது. 27 ஆண்டுகளுக்கு முன் வாசித்த அதே தாழ்ந்த வரியை அவர் ஒரு சுரம்கூடக் கூட்டாமல் வாசித்தார். அந்தப் பதிவு அவருக்குக் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டு வந்த தொகுப்பில் பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஜெஃப் லின், ரை கூடர் ஆகியோர் அவரோடு சேர்ந்து பணியாற்றினார்கள். அந்தத் தொகுப்பில் உள்ள த டிரெம்ப்ளர் என்ற இசையை அமைத்தவர்களாக எடியின் பெயரோடு சிதார் மேதை ரவி சங்கரின் பெயரும் இடம்பெற்றிருப்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1994இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டார். 2011இல், தம் 73ஆம் வயதில், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து இசைக் கலைஞர் ரிச்சர்ட் ஹாலியோடு சேர்ந்து ஒரு புதுத் தொகுப்பை வெளியிட்டு, கிளாஸ்டன்பரி விழா மேடையிலும் வாசித்தார். 2024 ஏப்ரல் 30 அன்று, 86 வயது நிறைந்த சில நாட்களில், டென்னசி மாநிலத்தின் ஃபிராங்க்ளின் நகரில் புற்றுநோயால் காலமானார்.

கேள்வி: எடியின் இசையைப் புதிதாகக் கேட்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதலில் ரெபல் ரவுசர், அடுத்து 1959இல் வந்த ஃபார்ட்டி மைல்ஸ் ஆஃப் பேட் ரோடு, மூன்றாவதாக பீட்டர் கன், அதிலும் ஸ்டீவ் டக்ளஸ் சாக்ஸபோன் வாசித்த பழைய பதிவு. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்காமல், நாளுக்கு ஒன்றாகக் கேளுங்கள்.

கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். எடியின் மெட்டு நடமாடும் தாழ்ந்த அதிர்வெண்களை அந்தச் சிறு கருவியால் எழுப்ப முடியாது. மேற்சுரங்களின் எலும்புக்கூடுதான் காதில் விழும். நல்ல காதொலிப்பான் ஒன்றை அணிந்து, இரவில் வீடு அடங்கிய பிறகு கேளுங்கள். முதல் சுரம் அடங்கும்போது அதன் பின்னால் அந்தத் தொட்டியின் இரும்பும் ஒலிப்பதைக் கேட்பீர்கள்.